குரலில் கேட்டு இடம் தேட எந்தச் செயலி?

பக்கத்தில் மருந்துக்கடை எங்கே, இந்நேரத்துக்குத் திறந்திருக்கும் பஞ்சர் கடை எது, போகிற வழியில் பெட்ரோல் பங்க் இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்ல இன்று ஒரே ஃபோனில் நாலைந்து வழிகள் உண்டு. கூகுள் மேப்ஸில் ஒரு மைக் இருக்கிறது. கூகுளின் ஏஐ உதவியாளர் ஜெமினி தனியாக இருக்கிறது. ஐஃபோன் என்றால் அதில் சிரி என்ற குரல் உதவியாளர். சாட்ஜிபிடி வைத்திருந்தால் அதுவும் பேசும். எல்லாமே நாம் சொன்னதைப் புரிந்துகொண்டது மாதிரிதான் பதில் சொல்கின்றன. ஆனால் ஒரே கேள்விக்கு ஒன்று நேரே வாசலில் கொண்டுபோய் விடுகிறது, இன்னொன்று எப்போதோ மூடிய கடைக்கு அனுப்புகிறது. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிவிடுவது என்று குழம்புகிறவர்களுக்கு இந்த ஒப்பீடு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நான் பேசுவது எதற்கு நன்றாகப் புரிகிறது" என்று பார்த்துத்தான் பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைவிடப் பெரிய வித்தியாசம் செயலியின் பின்னால் இருக்கும் இடப்பட்டியலில் இருக்கிறது. காது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் பட்டியல் பழசாக இருந்தால், தப்பான இடத்துக்கு மிகத் தெளிவாக வழி சொல்லும்.

## எதை வைத்து எடைபோடுவது

காது. "பெட்ரோல் பங்க்", "ஏடிஎம்" மாதிரிப் பொதுச்சொற்களை இன்று எந்தச் செயலியும் தவறவிடுவதில்லை. தடுமாற்றம் வருவது கடைப்பெயரிலும் தெருப்பெயரிலும்தான். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், அடுத்து என்ன சொல் வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே கேட்கிறது. ஊருக்குள் மட்டும் தெரிந்த ஒரு சின்னக் கடையின் பெயர் அந்தக் கணிப்பில் அடியில் கிடக்கும். இதைச் சரிசெய்ய ஆப்பிள் என்ன செய்தது என்பது 2018 ஆகஸ்டில் அவர்களே வெளியிட்ட ஒரு கட்டுரையில் இருக்கிறது. அமெரிக்காவை 169 வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அந்தக் கணிப்பைச் செய்யும் தனி மொழிமாதிரி. நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அந்த வட்டாரத்து இடப்பெயர்களுக்குக் காது கூடுதலாகத் திறந்திருக்கும். அந்த 169-க்குள் அந்நாட்டு மக்களில் சுமார் 80 சதவீதம் பேர் அடங்கிவிடுகிறார்கள். ஆக, இருப்பிட அனுமதியை மறுத்தால் தூரக் கணக்கு மட்டும் கெடுவதில்லை, காதும் கொஞ்சம் மந்தமாகலாம்.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இன்னொரு படி உண்டு. பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரை நாம் தமிழில் உச்சரிக்கிறோம், செயலி அதைத் தமிழ் எழுத்தில் பதிகிறது. பட்டியலில் அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில் கிடக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று அதற்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், திரையில் நீங்கள் சொன்னது எழுத்துப் பிசகாமல் தெரியும், கீழே "முடிவுகள் இல்லை" என்றும் இருக்கும்.

பட்டியல். எத்தனை இடங்கள் இருக்கின்றன, நேரம் சரியா, மூடிய கடையை நீக்குகிறார்களா, போலிப் பதிவுகளைக் களைகிறார்களா என்பதெல்லாம் இதில் வரும். முதல் அளவுகோலாக இதைத்தான் வைப்பேன்.

பதில் வரும் விதம். தட்டச்சு செய்தால் இருபது முடிவு வரும், கண்ணால் மேய்ந்து ஒன்றை எடுப்போம். குரலில் பதில் வந்தால் ஒன்றோ மூன்றோதான் காதில் விழும். பொறுக்கி எடுக்கும் வேலையைச் செயலியிடம் கொடுத்துவிடுகிறோம். அது எதை முதலில் வைக்கிறது என்பது இங்கே பத்து மடங்கு முக்கியம்.

வண்டியில் போகும்போது. "அருகில்" என்றால் நேர்க்கோட்டுத் தூரமா, போகிற பாதையிலா? நெடுஞ்சாலையில் 2 கிலோமீட்டர் பின்னால் இருக்கும் பங்க்கை "மிக அருகில்" என்று சொன்னால் யாருக்கு உபயோகம்?

அப்புறம் அந்தரங்கம், நெட் இல்லாத இடம். இவை சிலருக்குத்தான் பெரிய விஷயம். ஆனால் அந்தச் சிலருக்கு வேறெதுவும் விஷயமே இல்லை.

## கூகுள் மேப்ஸில் இருக்கும் மைக்

பலரும் இதைக் குரல் தேடலாகவே எண்ணுவதில்லை, தேடல் பெட்டியின் ஓரத்தில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். எனக்கு இதுதான் முதல் தேர்வு. காரணம் எளிது: பேசுவதைப் பெட்டியில் எழுத்தாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. என்ன புரிந்துகொண்டது என்பதை நீங்கள் பார்க்கலாம், ஓர் எழுத்து தப்பியிருந்தால் திருத்தலாம், முடிவுகள் முழுப்பட்டியலாக வரும்.

பட்டியல் விஷயத்தில் கூகுளுக்குப் பெரிய முன்னிலை உண்டு. கடைக்காரர்கள் தாங்களே பதிவிடுகிறார்கள், போய்வந்தவர்கள் திருத்துகிறார்கள். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் கடைகளின் நேரம் தாறுமாறாக மாறியபோது, டூப்ளெக்ஸ் என்ற தானியங்கிக் குரலால் கடைகளுக்கே ஃபோன் போட்டு நேரத்தைச் சரிபார்த்தார்கள். தமிழ் எழுத்தில் தேடும் சிக்கலுக்கும் 2021 ஜனவரியில் ஒரு தீர்வு வந்தது. ஆங்கிலத்தில் பதிவான இடப்பெயர்களைத் தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளுக்கு ஒலிபெயர்த்து மேப்ஸில் சேர்த்தார்கள். குரலைத் தமிழில் புரிந்துகொள்வது அதற்கும் முன்பே, 2017 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது.

வழிசெலுத்தல் ஓடிக்கொண்டிருக்கும்போது தேடினால், போகிற பாதையை ஒட்டிய இடங்களைக் காட்டி, எதற்கு எத்தனை நிமிடம் கூடுதலாகும் என்றும் சொல்லும். பங்க் தேடுகிறவர்களுக்கு இந்த ஒரு வசதியே போதும்.

குறை இரண்டு. ஒன்று, மைக்கில் கேட்டாலும் பதில் பெரும்பாலும் திரையில்தான் வருகிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் திரைவாசிப்பானையும் சேர்த்து இயக்க வேண்டும். இரண்டாவது, போலிகள். 2023-இல் மட்டும் 1.2 கோடிக்கு மேற்பட்ட போலி வணிகப் பதிவுகளை நீக்கினோம் அல்லது தடுத்தோம் என்று கூகுளே சொன்னது. பூட்டுத் திறப்பவர், பழுது பார்ப்பவர் மாதிரி அவசரத்தில் தேடப்படும் தொழில்களில்தான் போலிகள் குவியும். இவர்களைத் தேடும்போது முதல் முடிவையே அழைக்காதீர்கள். "விளம்பரம்" என்ற குறி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

## ஜெமினி, அல்லது பழைய கூகுள் அசிஸ்டன்ட்

ஆண்ட்ராய்டு ஃபோனில் "ஓகே கூகுள்" என்று கூப்பிட்டால் வருவது முன்பு அசிஸ்டன்ட். அந்த இடத்துக்கு ஜெமினியைக் கொண்டுவரப்போவதாக 2025 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. மேப்ஸின் வழிசெலுத்தலுக்குள்ளேயே ஜெமினி வரும் என்ற அறிவிப்பு அதே ஆண்டு நவம்பரில். எனவே உங்கள் ஃபோனில் கூப்பிட்டால் யார் வருகிறார் என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு.

அசிஸ்டன்ட் சட்டென்று பதில் சொல்லும், ஆனால் ஒரு வரிக்கு மேல் தாங்காது. ஜெமினி நீளமான கேள்வியைத் தாங்கும். "அப்பாவை வீல்சேரில் கூட்டிப் போகணும், ஞாயிற்றுக்கிழமை பார்க்கிற கண் டாக்டர், பார்க்கிங் இருக்கணும்" என்று ஒரே மூச்சில் கேட்கலாம். பதில் வந்தபின் "அதில் எது பக்கம்?" என்று தொடரலாம். மேப்ஸின் பட்டியலையே எடுத்துப் பேசும்போது இது நன்றாக வேலை செய்கிறது. சில சமயம் பட்டியலை விட்டு இணையத்தில் படித்ததை வைத்துப் பேசும், பேச்சின் தொனியில் வித்தியாசம் தெரியாது. பதிலோடு வரைபட அட்டை வருகிறதா என்று பாருங்கள். தட்டினால் மேப்ஸ் திறக்கிறது என்றால் அந்த இடம் பட்டியலில் இருக்கிறது. வெறும் பெயர் மட்டும் வந்தால், அந்தப் பெயரை மேப்ஸில் ஒருமுறை தேடிவிட்டுக் கிளம்புங்கள்.

கை விடுபட வேண்டியவர்களுக்கும், தட்டச்சு வராத பெரியவர்களுக்கும் மைக் பொத்தானைவிட இதுதான் வசதி. கூப்பிட்டாலே வருகிறது, வாயாலேயே பதில் சொல்கிறது.

## சிரியும் ஆப்பிள் மேப்ஸும்

சிரி முதலில் 2010 பிப்ரவரியில் ஒரு தனிச் செயலியாக வந்தது. இரண்டே மாதத்தில் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2011 அக்டோபரில் ஐஃபோன் 4எஸ்-இல் உள்ளேயே சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிள் தன் சொந்த வரைபடத்தைக் கொண்டுவந்தபோது அதில் இருந்த தவறுகளுக்காகத் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டிவந்தது. அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் அநியாயம்தான், வரைபடம் அதற்குப் பிறகு வெகுவாகத் தேறிவிட்டது. ஆனால் கடைகளின் பட்டியல் இடத்துக்கு இடம் மாறுகிறது. சில நாடுகளில் அடர்த்தியாக இருக்கும், சில நாடுகளில் பெரிய கடைகள் மட்டும். மதிப்புரைகளும் படங்களும் பல இடங்களில் யெல்ப் போன்ற வெளி நிறுவனங்களிடமிருந்து வருகின்றன. கடைக்காரர்கள் தங்கள் பதிவைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் வசதியை ஆப்பிள் விரிவாகத் திறந்துவிட்டது 2023 ஜனவரியில்தான்.

இதன் பலம் அந்தரங்கத்தில். சிரியிடம் கேட்பது உங்கள் ஆப்பிள் கணக்கோடு சேராமல் ஒரு தற்செயல் அடையாள எண்ணோடு சேர்கிறது. ஓரளவு புதிய ஐஃபோன்களில் 2021 முதல் பேச்சை எழுத்தாக்கும் வேலை ஃபோனுக்குள்ளேயே நடக்கிறது. இடத்தைத் தேட நெட் வேண்டும், ஆனால் உங்கள் குரல் வெளியே போக வேண்டியதில்லை. ஐஃபோனைக் காரின் திரையோடு இணைக்கும் கார்பிளேயோடும் நன்றாக ஒத்துழைக்கும், போகிற வழியில் ஒரு நிறுத்தத்தைச் சேர்க்கச் சொல்லலாம்.

சிரியிடம் "பக்கத்தில்" என்று கேட்டால் வழக்கமாக ஆப்பிள் மேப்ஸுக்குத்தான் போகும். ஐஃபோனில் கூகுள் மேப்ஸ் வைத்திருந்தாலும் கேள்வி அங்கே போகாது. "சிரிக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று அலுத்துக்கொள்கிறவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

## சாட்ஜிபிடி மாதிரி பேசும் ஏஐ

சாட்ஜிபிடி 2023 செப்டம்பரில் ஃபோனில் பேச ஆரம்பித்தது, 2024 அக்டோபர் இறுதியில் இணையத் தேடலும் சேர்ந்தது. பேச்சுவாக்கில் கேட்க இதைப்போல இனிமையானது வேறில்லை. இழுத்து, திக்கி, பாதியில் மாற்றிக் கேட்டாலும் புரிந்துகொள்கிறது.

இடம் தேட இதை நம்பிக் கிளம்ப மாட்டேன். துல்லியமான இருப்பிடத்தை நீங்கள் தராவிட்டால், தோராயமாக எந்த ஊர் என்ற அளவில்தான் அதற்குத் தெரியும். ஒரு கடை மூன்று வருடத்துக்கு முன் எழுதப்பட்ட ஒரு பக்கத்தில் இருந்தால் அதையும் இன்றைக்கு இருப்பதுபோலச் சொல்லிவிடும். நேரத்தையும் ஃபோன் எண்ணையும் தயக்கமில்லாமல் தப்பாகச் சொல்லும். "என்ன மாதிரி இடத்துக்குப் போகலாம்" என்று யோசிக்கும் கட்டத்தில் இதைக் கேளுங்கள். இடத்தை முடிவு செய்தபின் மேப்ஸுக்கு மாறிவிடுங்கள்.

## ஆஃப்லைன் வரைபடமும் கீபோர்டின் மைக்கும்

இது ஒரு செயலி இல்லை, ஒரு கூட்டணி. ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் போன்றவை ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை ஃபோனில் இறக்கி வைத்துத் தேடுபவை. இவற்றின் தேடல் பெட்டியில் கீபோர்டின் மைக்கைத் தட்டிப் பேசினால் அதுவும் குரல் தேடல்தானே. கூகுளின் கீபோர்டு 2019-லேயே, முதலில் கூகுளின் சொந்த பிக்சல் ஃபோன்களில் ஆங்கிலத்துக்கு மட்டும், முழுப் பேச்சறிவையும் சுமார் 80 எம்பிக்குள் சுருக்கி ஃபோனுக்குள் வைத்துக் காட்டியது. உங்கள் மொழிக்கு அப்படியொரு ஆஃப்லைன் பொதி கிடைக்கிறதா என்று கீபோர்டின் குரல் அமைப்பில் பாருங்கள். கிடைத்தால் சிக்னலே இல்லாத மலைப்பாதையிலும் பேசித் தேடலாம்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004-இல் தொடங்கிய தன்னார்வலர் திட்டம். ஆர்வலர்கள் இருக்கும் ஊரில் குடிநீர்க் குழாய் வரை குறித்திருப்பார்கள். இல்லாத ஊரில் தெருக்கள் இருக்கும், கடைகள் இருக்காது. மதிப்புரை கிடையாது, "இப்போது திறந்திருக்கிறதா" என்பது யாராவது நேரத்தைப் பதிந்திருந்தால்தான் தெரியும். விளம்பரமும் கிடையாது, பின்தொடரலும் கிடையாது.

## ஒரே பார்வையில்

| வழி | இடப்பட்டியல் | பதில் வரும் விதம் | நெட் இல்லாதபோது | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| கூகுள் மேப்ஸ் மைக் | மிகப் பெரியது, அடிக்கடி புதுப்பிக்கப்படுவது | திரையில் முழுப்பட்டியல் | வரைபடம் இறக்கியிருந்தால் தட்டச்சில் தேடலாம் | போலிப் பதிவு, விளம்பரம், தேடல் வரலாறு |
| ஜெமினி | பெரும்பாலும் மேப்ஸின் பட்டியல் | பேச்சும் அட்டையும் | உதவாது | பட்டியலா ஊகமா என்பது சட்டென்று தெரியாது |
| சிரி | நாட்டுக்கு நாடு மாறும் | பேச்சும் சிறு பட்டியலும் | இடத் தேடலுக்கு உதவாது | ஆண்ட்ராய்டில் இல்லை, ஆப்பிள் மேப்ஸுக்கே போகும் |
| பேசும் ஏஐ | தனக்கென நம்பகமானது இல்லை | நீண்ட உரையாடல் | உதவாது | பழைய தகவல், தப்பான நேரம் |
| ஆஃப்லைன் கூட்டணி | ஊரைப் பொறுத்தது | திரையில் பட்டியல் | முழுதாக வேலை செய்யும் | மதிப்புரை இல்லை, இடம் அடைக்கும் |

## இலவசம் என்கிறார்களே, பிறகு என்ன செலவு?

முதல் செலவு உங்கள் நடமாட்டம். கூகுளின் "இருப்பிட வரலாறு" என்ற அமைப்பை அணைத்து வைத்தாலும், தேடும்போது இருக்கும் இடம் வேறொரு அமைப்பின் கீழ் சேமிக்கப்படுவதை 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. அது தொடர்பான வழக்கில் 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர கூகுள் ஒப்புக்கொண்டது. அந்த இன்னொரு அமைப்பின் பெயர் "இணையம் மற்றும் ஆப்ஸ் செயல்பாடு". கூகுள் கணக்கில் அதைத் திறந்து, தானாக அழியும் காலத்தை 3 மாதமாக வைத்துக்கொள்ளலாம். நான் எல்லோருக்கும் சொல்வது இது ஒன்றுதான், ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது உங்கள் குரல். கூகுள், ஆப்பிள், அமேசான் மூன்றும் குரல்பதிவுகளில் ஒரு பகுதியை ஒப்பந்த ஊழியர்களைக் கொண்டு கேட்க வைத்தது 2019-இல் அம்பலமானது. அதற்குப் பிறகு ஆப்பிள், பயனர் சம்மதித்தால் மட்டுமே என்று மாற்றியது. 2007-இல் கூகுள் தொடங்கிய கூக்-411 என்ற தொலைபேசிச் சேவையைப் பழைய ஆட்கள் நினைவு வைத்திருப்பார்கள். ஃபோன் போட்டுக் கடையின் பெயரைச் சொன்னால் இலவசமாக இணைத்துவிடும். பேச்சறிவை வளர்க்க மக்களின் குரல் மாதிரிகள் வேண்டும், அதற்குத்தான் அந்தச் சேவை என்று அதன் அதிகாரி ஒருவரே அப்போது சொன்னார். 2010 நவம்பரில் மூடினார்கள்.

மூன்றாவது கவனம். கையை எடுக்காமல் பேசுவதால் வண்டி ஓட்டும்போது ஆபத்தே இல்லை என்று நினைப்பது தப்பு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல், அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ-வின் அறக்கட்டளைக்காகச் செய்த சோதனையில், மோசமான குரல் அமைப்புகளில் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் 27 விநாடி வரை ஓட்டுநரின் கவனம் முழுதாகத் திரும்பவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 விநாடி என்றால் 300 மீட்டர். தப்பாகக் கேட்டு மூன்று முறை திரும்பச் சொல்ல வைக்கும் செயலியை வண்டியில் வைத்துக்கொள்ளவே கூடாது.

நான்காவது, சேவை நின்றுபோவது. மைக்ரோசாஃப்டின் குரல் உதவியாளரான கோர்ட்டானா செயலி 2021 மார்ச் 31-உடன் ஃபோன்களில் நின்றது. ஃபோர்ஸ்கொயர் நிறுவனத்தின் இடம் தேடும் செயலியான சிட்டி கைடு 2024 டிசம்பரில் மூடப்பட்டது. அதில் வருடக்கணக்கில் சேர்த்து வைத்த இடங்களை அவசர அவசரமாக இறக்கிக்கொண்டவர்கள் உண்டு. பிடித்த இடங்களைச் சேமிக்கிறீர்கள் என்றால், அந்தப் பட்டியலை வெளியே எடுக்க வழி இருக்கும் செயலியில் சேமியுங்கள். கூகுளில், நம் தரவை இறக்கித் தரும் டேக்அவுட் சேவை மூலம் எடுக்கலாம்.

## யாருக்கு எது

தினமும் வெளியே அலைகிற வேலை, ஆண்ட்ராய்டு ஃபோன்: மேப்ஸை முகப்புத் திரைக்குக் கொண்டுவந்து வைத்து அதன் மைக்கைத் தட்டுங்கள், வேறு யோசனை வேண்டாம்.

தட்டச்சு வராத அம்மாவுக்கு ஃபோன் அமைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் ஜெமினி அல்லது அசிஸ்டன்ட், மொழியைத் தமிழாக வைத்து. பேச்சறிவில் கூகுள் தமிழை இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது. அமைப்பில் அந்தப் பிரிவு தெரிந்தால் அவர் பேசும் வழக்குக்கு ஏற்றதை எடுங்கள்.

ஐஃபோன், கார்பிளே, இருப்பிடம் யாருக்கும் தெரியக்கூடாது என்ற எண்ணம்: சிரி. கூடவே கூகுள் மேப்ஸையும் வைத்துக்கொண்டு, சிரி கைவிரிக்கும்போது அதைத் திறந்து மைக்கைத் தட்டலாம். இருப்பிட அனுமதியில் "துல்லியமான இருப்பிடம்" என்பதை அணைத்தால் சில நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் வரை தள்ளிக் காட்டும். ஊர் அளவில் தேட அது போதும், நடந்து போகும் தூரத்தில் தேடினால் உதவாது.

மலையேற்றம், எல்லைப்புறம், வெளிநாட்டில் சிம் இல்லாத முதல் நாள்: ஆஃப்லைன் கூட்டணி. வீட்டு வைஃபையிலேயே வரைபடத்தை இறக்கிவிட்டு, ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் மூன்று கேள்விகளைத் தயார் செய்து ஒவ்வொரு செயலியிடமும் கேட்டுப் பாருங்கள். ஒன்று, உங்கள் பகுதியில் மூடிவிட்டதோ இடம் மாறியதோ என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு கடையின் பெயர். இரண்டு, வாயில் நுழையாத பெயர் உள்ள ஒரு சின்ன இடம். மூன்று, "இப்போது திறந்திருக்கும் மருந்துக்கடை". இந்த மூன்றாவதை ஒரு பண்டிகை நாளில், இரவு பத்து மணிக்கு மேல் கேளுங்கள். வழக்கமான நேரத்தை வைத்து "திறந்திருக்கிறது" என்று அடித்துச் சொல்கிறதா, விடுமுறை நேரம் மாறலாம் என்று எச்சரிக்கிறதா என்று தெரிந்துவிடும். எச்சரித்தால் ஃபோன் எண்ணும் பக்கத்திலேயே இருக்கும், கிளம்புமுன் கடைக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.